கலப்புக் குடும்பத்துக் கதையை மேடையில் யார் சொல்வது?

தெம்பனிஸ்_தேன்மொழி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் எல்லாருக்கும். இங்கே சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் நடக்கப்போகும் கதைசொல்லல் மாலையில் எனக்கும் என் மகளுக்கும் 10 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பொதுத் தலைப்பு, "கலப்புக் குடும்பங்களைக் கொண்டாடுவோம்". நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஆட்கள் வருகிறார்கள், தமிழ்ப் பங்கு எங்களுடையது.

என் கணவர் தியோச்சூ என்ற கிளைமொழி பேசும் சீனர். மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். 2011க்குப் பிறகு பிறந்தவள் என்பதால் பிறப்புச் சான்றிதழில் இரண்டு இனத்தையும் போட முடிந்தது. 'சீனர்-இந்தியர்' என்று பதிந்தோம். அதிலும் முதலில் எது, பின்னால் எது என்று நானும் அவரும் ஒரு வாரம் பேசினோம். முதலில் வருவதைத்தான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளின் இன ஒதுக்கீட்டுக்குக் கணக்கில் எடுப்பார்கள் என்பதால், அது வெறும் மரியாதை விஷயம் இல்லை, பின்னாளில் வீடு வாங்கும் விஷயம்.

இப்போது பிரச்சினை என்னவென்றால் மகள் மேடையேற மாட்டேன் என்கிறாள். போன வருடம் ஒரு தமிழ் நிகழ்ச்சியில் (எதுவென்று வேண்டாம்) குழந்தைகள் நாடகம். ஒத்திகையில் எல்லாரையும் விட இவள் தமிழ்தான் தெளிவாக இருந்தது. ஆனால் கொடுத்த வேடம் கோப்பிக் கடை சீன ஆண்ட்டி. "வணக்கோம், டே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) வேணுமா" என்று மழலைத் தமிழில் பேச வேண்டும், கூட்டம் சிரிக்க வேண்டும். சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. இப்போது இந்த அழைப்பைக் காட்டியதும், "மறுபடி எனக்குச் சீனச் சட்டை போட்டு நெற்றியில பொட்டு வைக்கப் போறீங்க, அவ்வளவுதானே" என்றாள்.

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். தமிழில் இதை நன்றாகச் செய்தவர்கள் யார், எப்படிச் செய்தார்கள்? நாடகம், கதை, ஆட்டம், பாட்டு, எதுவானாலும் சொல்லுங்கள்.

---

மேடைப்பித்தன்

அக்கா, நல்ல கேள்வி. நேராகத் தமிழில் என்று கேட்டால் பட்டியல் சின்னது. கொஞ்சம் அகலமாகப் பார்த்தால் இந்த ஊரில் தொடக்கம் நன்றாகவே இருந்திருக்கிறது.

குவோ பாவ் குன் 1988இல் மேடையேற்றிய 'தன் பூனையைத் தேடும் அம்மா' நாடகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிங்கப்பூரின் முதல் பன்மொழி நாடகம் என்று அதைத்தான் சொல்வார்கள். ஆங்கிலம், மாண்டரின், மலாய், தமிழ், அப்புறம் ஹொக்கியன், கேன்டனீஸ், தியோச்சூ என்ற சீனக் கிளைமொழிகள் எல்லாம் கலந்து வரும். அதில் ஒரு காட்சி. ஹொக்கியன் மட்டும் தெரிந்த கிழவி, தமிழ் மட்டும் தெரிந்த கிழவர். இரண்டு பேருமே தொலைந்துபோன பூனையைத் தேடுகிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. கையை ஆட்டி, பூனை மாதிரி கத்தி, வால் எப்படி இருக்கும் என்று காட்டி, கடைசியில் நன்றாகவே பேசிக்கொள்வார்கள். கிழவியின் சொந்தப் பிள்ளைகளோடு அவளுக்கு அந்தப் பேச்சு கூட வாய்க்காது.

இதில் பார்க்க வேண்டியது என்னவென்றால், அந்தத் தமிழர் அங்கே 'இந்திய இனப் பிரதிநிதி' கிடையாது. அவர் பூனை தேடுகிறவர். உங்கள் மகளுக்குக் கிடைத்த கோப்பிக் கடை ஆண்ட்டிக்கு அப்படித் தேட ஒன்றுமே கொடுக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

இன்னொன்று சாந்தா பாஸ்கர். 1958இலேயே சீனக் காதல் கதையான பட்டாம்பூச்சிக் காதலர்களைப் பரதத்தில் ஆடவைத்தவர். ஆண் வேடம் போட்டுப் படிக்கப் போகும் பெண், கூடப் படிக்கும் பையன் மேல் காதல், கடைசியில் இருவரும் பட்டாம்பூச்சி ஆகிறார்கள். அபிநயத்துக்கு அள்ளிக் கொடுக்கிற கதை. சீன உடுப்பைக் கடன் வாங்கி ஒட்டுவது ஒரு வகை, கதையையே எடுத்துத் தன் இலக்கணத்தில் ஆடுவது இன்னொரு வகை. இவர் இரண்டாவதைச் செய்தார்.

---

நேர்கோடு

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபப்பட வேண்டாம்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் 48.3. நம் மொழி வீட்டுக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கிறது. கலப்பு வீடுகளில் இன்னும் வேகமாக, ஏனென்றால் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளும் பொதுமொழி ஆங்கிலம். இதில் கொண்டாட என்ன இருக்கிறது? யார் யாரைக் கட்டினாலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் ஒரு தமிழ் மேடையில் 10 நிமிடம் கிடைத்தால் அதைத் தமிழுக்குச் செலவழியுங்கள் என்பேன். அடையாளத்தைக் கொண்டாட ஆங்கில மேடைகள் நிறைய இருக்கின்றன.

---

செம்பவாங்_செல்வம்

நேர்கோடு தம்பி, தமிழ்-தமிழ் திருமணம் செய்த என் இரண்டு பிள்ளைகள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் ஆங்கிலம்தான். அதற்கு எந்தச் சீன மருமகளைக் குற்றம் சொல்வது?

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா பிறப்பால் சீனர். கைக்குழந்தையாகத் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டவர். அந்தக் காலத்தில் இது அதிசயம் இல்லை. வறுமை, வீட்டில் ஏற்கெனவே பெண் குழந்தைகள், பிறந்த வருடம் ராசியில்லை என்ற நம்பிக்கை, அப்புறம் ஜப்பானியர் காலத்துப் பயம் என்று பல காரணங்களால் சீனக் குழந்தைகளை, அதிலும் பெண் குழந்தைகளை, இந்தியர், மலாய்க்காரர் வீடுகளுக்குக் கொடுத்தார்கள். கடற்படைத் தளக் குடியிருப்பில் எங்கள் வரிசையிலேயே அம்மா மாதிரி இன்னும் சிலர் இருந்தார்கள்.

வளர்த்த பாட்டி தஞ்சாவூர்ப் பக்கம். அம்மாவின் தமிழும் அப்படியே தஞ்சாவூர்த் தமிழ், அந்த இழுப்போடு. தஞ்சாவூரை அவர் பார்த்ததே இல்லை. ராத்திரி நல்லதங்காள் கதை சொல்வார். கிணறு வரும் இடத்தில் குரல் அடைத்துவிடும். நாங்களும் அழுவோம். சந்தைக்குப் போனால் மீன்காரர் அம்மா முகத்தைப் பார்த்து ஹொக்கியனில் விலை சொல்வார். அம்மா பாசார் மலாயில் (சந்தை மலாய்) பேரம் பேசுவார். மீன்காரர் திகைத்துப்போய்ப் பார்ப்பார், அம்மா கண்டுகொள்ளாமல் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மா தன்னை ஒருநாளும் 'கலப்பு' என்று நினைத்ததில்லை. கேட்டால் "நான் தமிழச்சிடா" என்பார், அத்தோடு பேச்சு முடிந்தது. அப்படிப்பட்டவரை எந்தத் தலைப்பில் சேர்ப்பீர்கள்?

---

கண்ணம்மா_லிம்

செல்வம் ஐயா, உங்கள் அம்மா பற்றி இன்னும் எழுதுங்கள், ப்ளீஸ்.

நான் தேன்மொழி அக்கா மகள் கட்சி. என் அப்பா சீனர், அம்மா தமிழ். உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் உயர்தமிழ் படித்தேன். இருபத்து நான்கு வயசாகிறது, இன்னும் லிட்டில் இந்தியாவில், தேக்காவில் பூ வாங்கப் போனால், "அட, என்னம்மா இவ்ளோ அழகா தமிழ் பேசுற!" என்று கேட்டு ஒரு முழம் அதிகமாகக் கொடுப்பார்கள். பூ நல்லாத்தான் இருக்கு, வாங்கிக்குவேன். ஆனால் பக்கத்தில் நிற்கிற என் ஒன்றுவிட்ட அக்கா பேசுகிற தமிழுக்கு யாரும் பூ கொடுக்கவில்லை. அவளுக்கு அது வீட்டுச் சொத்து, எனக்கு மட்டும் சர்க்கஸ்.

தமிழ்க் கதைகளில் எங்களை மாதிரி ஆள் வந்தால் இரண்டே வேலைதான் கொடுப்பார்கள். ஒன்று, சரளமாகத் தமிழ் பேசி எல்லாரையும் அசத்துவது. இல்லையென்றால் கல்யாணப் பேச்சில் குடும்பத்தை உடைப்பது. எனக்கு வேண்டியது ஒரு துப்பறியும் கதை. அதில் துப்பறிகிறவள் பெயர் கண்ணம்மா லிம். கடைசிப் பக்கம் வரை ஒருத்தரும் "ஓ, மிக்ஸா?" என்று கேட்கக் கூடாது. கொலைகாரனைப் பிடித்தால் போதும்.

அதனால் 'கொண்டாட்டம்' என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி.

---

மேடைப்பித்தன்

கண்ணம்மா, கதைத்தாளில் அது நடக்கும். மேடையில் அவ்வளவு சுலபம் இல்லை. திரை விலகியதும் பார்வையாளர் முகத்தைப் பார்த்துவிடுகிறார்கள். நீங்கள் பேசாமல் விட்டாலும் அவர்கள் மனதுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பேச்சை அடக்க முடியாது. முந்திக்கொண்டு பயன்படுத்திக்கொள்ளலாம்.

---

கண்ணம்மா_லிம்

அது பார்வையாளர் வியாதி. மருந்து நான் ஏன் குடிக்கணும்?

---

மேடைப்பித்தன்

😀 சரி, பதில் இல்லை. யோசிக்கிறேன்.

---

கடையநல்லூர்_பேரன்

நேர்கோடு, தமிழுக்குச் செலவழியுங்கள் என்றீர்கள். தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி யாரை மணந்தார் தெரியுமா? பெரனாக்கான் சீனக் குடும்பத்துப் பெண்ணை, அதாவது இங்கேயே வேர்விட்டு மலாய்ப் பழக்கங்கள் கலந்த சீனர். 1935இல் பத்திரிகை தொடங்கி, 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கி, குடியுரிமை எடுங்கள் என்று ஊர் ஊராகப் பேசி, பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைக்கப் போராடிய மனிதரின் சொந்த வீடே கலப்பு வீடு. தமிழுக்கு ஒன்றும் குறையவில்லை.

நான் தமிழ் முஸ்லிம். பாட்டனார் கடையநல்லூர், பாட்டி கம்போங் கிளாம் மலாய்ப் பெண். இந்தக் கலப்புக்குப் பழைய பெயரே உண்டு, ஜாவி பெரனாக்கான். 1876இல் இங்கே அச்சான முதல் மலாய்ச் செய்தித்தாளின் பெயரும் அதுதான். அதாவது, மலாய் மொழிக்கு இந்த வட்டாரத்தில் முதல் பத்திரிகை நடத்தியது நம்மூர் ரத்தம் கலந்தவர்கள்.

அதற்கும் முன்னால் முன்ஷி அப்துல்லா. மலாய் உரைநடையில் நவீனம் இவரிடம்தான் தொடங்குகிறது என்பார்கள். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸுக்கு எழுத்தராக இருந்தவர். இவருடைய முன்னோர் ஒருவர் யேமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கேயே மணம் முடித்தவர். தன் வரலாற்றில் அப்துல்லா எழுதுகிறார், சிறுவயதில் அப்பா தன்னைத் தமிழ் படிக்க அனுப்பினாராம். மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது அப்போது வழக்கம், கணக்கு எழுத அது வேண்டும் என்று. 1849இல் சிங்கப்பூரில் அச்சான நூல். இவரை நாம் ஏன் நம் இலக்கிய விழாக்களில் பேசுவதில்லை? மலாய்க்காரர் கொண்டாடுகிறார்கள், பேஷ். நமக்கும் பங்கு உண்டே.

என் அடையாள அட்டையில் 'இந்தியர்'. மலாய் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனால் நான் இந்தியன், தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்குப் போனால் "மலாய் மாதிரி இருக்கீங்களே". பழகிவிட்டது. இதை வைத்து ஒரு தனிநபர் நாடகம் போடலாம், சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது.

---

மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யார் வீட்டுப் பெண் யாரைக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்யும் இடம் இது இல்லை. இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

---

தொண்டாங்_சாயாங்

எல்லாருக்கும் வணக்கம். என் தமிழில் பிழை இருந்தால் பொறுக்கவும். நாங்கள் மலாக்கா செட்டி. நாட்டுக்கோட்டைச் செட்டியார் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மலாக்கா சுல்தான் காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில் வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள் இங்குள்ள பெண்களை மணந்து உண்டான சமூகம். வீட்டில் பேசுவது மலாய். சாமி கும்பிடுவது மாரியம்மன், பிள்ளையார். என் பாட்டி சாரோங் கெபாயா கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவார். தமிழ் எழுதப் படிக்க நான் வேலைக்குப் போன பிறகு கற்றேன்.

எங்கள் போகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு முந்தின நாள் நீங்கள் பழையதைக் கழிப்பீர்கள். நாங்கள் பழையவர்களைக் கூப்பிடுவோம். இறந்த முன்னோருக்கு வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்போம். அதைப் பார்ச்சு என்போம். தாத்தாவுக்கு மீன் குழம்பு, பாட்டிக்குச் சம்பல் பிளாச்சான் (இறால் விழுது கலந்த மிளகாய்த் துவையல்), கூடவே குவே என்ற இனிப்புப் பலகார வகை. வாசனை வாசலுக்கே வரும். சாம்பிராணிப் புகை அடங்கும்வரை பிள்ளைகள் தட்டைத் தொடக் கூடாது.

2018இல் இந்திய மரபுடைமை நிலையத்தில் எங்கள் சமூகத்துக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார்கள். ரொம்பப் பெருமை. நகை, உடுப்பு, பழைய படங்கள் எல்லாம் இருந்தன. நான் பல தடவை போனேன், சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு. ஆனால் வந்தவர்களில் நிறைய பேர் கெபாயா பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் உண்மையான சொத்து பாட்டு. தொண்டாங் சாயாங் என்று ஒன்று உண்டு. வயலின், ரெபானா என்ற கைமேளம், கொங் என்ற சேகண்டி. இரண்டு பேர் மாற்றி மாற்றி பந்துன் என்ற மலாய்ச் செய்யுள் பாடுவார்கள். பந்துனில் நான்கு அடி. முதல் இரண்டில் ஆறு, மீன், பூ என்று எங்கேயோ போகும். பின் இரண்டில்தான் சொல்ல வந்தது வரும். எதிரில் இருப்பவர் அதே இடத்தில் அதே எதுகை பிடித்துத் திருப்ப வேண்டும். மலாக்காவில் இதை மலாய்க்காரர், பாபா நோன்யா எனப்படும் பெரனாக்கான் சீனர், நாங்கள், போர்ச்சுகீசியர் எல்லாரும் பாடுவார்கள். 2018இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

என் மாமா ஒருவர் பாடுவார். கிண்டல் செய்தே எதிராளியை உட்கார வைப்பார். அந்தக் கிண்டலைக் கண்ணாடிப் பெட்டியில் எப்படி வைப்பது?

---

செம்பவாங்_செல்வம்

அட, இது நம் எசப்பாட்டு! நாற்று நடும்போது ஒரு பக்கம் கேட்க, மறுபக்கம் மடக்குமே, அதே முறை. அம்மா அப்படிச் சிலது பாடுவார்.

---

தெம்பனிஸ்_தேன்மொழி

தொண்டாங்_சாயாங் ஐயா, உங்கள் தமிழில் ஒரு குறையும் இல்லை. போகிப் படையலைப் படித்துவிட்டு என் கணவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "இது எங்க செங் பெங் மாதிரி இருக்கே" என்றார். கல்லறைக்குப் போய்த் தாத்தாவுக்குப் பிடித்த வாத்தை வைத்துக் கும்பிடுவார்களே, அது.

எசப்பாட்டு என்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. இதுவரை நான் சொல்ல, மகள் நடிப்பதாகத்தான் யோசித்திருந்தேன். அவள் கதையை நான் சொல்வது! அதற்குப் பதில் நான் ஒன்று சொல்ல, அவள் மறுக்க, நான் திருப்ப என்று போனால்? ஒரு சம்பவம் இருக்கிறது. எழுதுகிறேன், அடித்துத் திருத்துங்கள்.

2025இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 29, தைப்பூசம் பிப்ரவரி 11. எனக்குப் பால்குடம். ஒரு மண்டல விரதம். அதாவது குடும்ப ஒன்றுகூடல் விருந்து நட்ட நடு விரதத்தில் வருகிறது. மாமியார் வீட்டில் ஸ்டீம்போட், அதாவது மேசையில் கொதிக்கும் சட்டியில் எல்லாரும் போட்டு எடுத்துச் சாப்பிடுவது, மேசை முழுக்கப் பன்றி, இறால், மீன் உருண்டை. நான் முன்கூட்டியே "வந்து உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் சாப்பிட மாட்டேன்" என்று சொல்லியிருந்தேன். போனால், மாமியார் நடுவில் தடுப்பு வைத்த சட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அதிலும் திருப்தி இல்லாமல், ஒரு பக்கக் குழம்பு மறுபக்கம் தெறிக்கும் என்று எனக்கென்று தனியாக இன்னொரு சின்னச் சட்டி. காளான், டௌஃபூ, முட்டைக்கோஸ். புதுக் கரண்டி, ஸ்டிக்கர் கூட உரிக்கவில்லை.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் மாமியாருக்கு அது பெரிய விஷயமே இல்லை. சந்திர மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவரே சைவம். புத்தச் சைவம் என்பதால் வெங்காயம் பூண்டு கூட ஆகாது. பதிலுக்கு நான் ஒரு தூக்கில் சாம்பார் கொண்டுபோயிருந்தேன், பெருமையாக. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இதில் வெங்காயம் இருக்கிறதே, இது என்ன சைவம்?" என்று என் மகளிடம் தியோச்சூவில் கேட்டார். அவள் எனக்குத் தமிழில் சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்குக் கீழே போய்விட்டாள்.

இதைத்தான் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்வதாக யோசனை.

---

மேடைப்பித்தன்

அக்கா, இதுதான்! வேறு எங்கும் தேட வேண்டாம்.

இரண்டு யோசனை. ஒன்று, ஆ மா (பாட்டி) பேசும் தியோச்சூ வரியை மேடையில் மொழிபெயர்க்காதீர்கள். மகள் சிரிக்கட்டும், நீங்கள் விழிக்க வேண்டும், கூட்டமும் உங்களோடு சேர்ந்து விழிக்க வேண்டும். அந்தச் சில விநாடி, அரங்கில் எல்லாம் புரிந்த ஒரே ஆள் உங்கள் மகள். அப்புறம் அவள் மனமிரங்கித் தமிழில் சொல்லட்டும். போன வருடம் அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது அவள் சொன்னால்தான் சிரிக்க முடியும்.

இரண்டாவது, "தொண்டை அடைத்துவிட்டது" என்பதை வெட்டுங்கள். அதைச் சொன்னால் நாடகம் சீரியலாகிவிடும். ஸ்டிக்கர் உரிக்காத கரண்டியைத் தூக்கிக் காட்டினாலே போதும்.

---

கண்ணம்மா_லிம்

இதைக் கொண்டாட்டம் என்றால் எனக்கு அலர்ஜி வராது. இதில் யாரும் யாரையும் 'சகித்துக்கொள்ளவில்லை'. மாமியார் மருமகள் சண்டை, அதுவும் யார் சைவம் அதிக சைவம் என்று. சூப்பர்.

ஒரு விஷயம் மட்டும். மறுப்பு வரிகளை உங்கள் மகளே எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது மறுப்பு இல்லை, மனப்பாடம்.

---

நேர்கோடு

சாரங்கபாணி விஷயத்தில் பதில் சொல்ல முடியவில்லை, விட்டுவிடுகிறேன். வெங்காயக் கதை எனக்குப் பிடித்தது, அதையும் மறைக்கவில்லை.

ஆனால் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. இந்த வீட்டில் பிள்ளை தமிழ் பேசுகிறாள், ஏனென்றால் தேன்மொழி விடாப்பிடியாகப் பேசவைத்தார். பத்தில் எத்தனை வீட்டில் அது நடக்கிறது? மேடையில் நாம் பார்ப்பது ஜெயித்த வீட்டை. தமிழே வராமல் போன பிள்ளையின் கதையையும் யாராவது தமிழில் சொல்ல வேண்டும். அது கொண்டாட்டமாக இருக்காது, ஆனால் அதுவும் கலப்பு வீட்டுக் கதைதான்.

---

தொண்டாங்_சாயாங்

நேர்கோடு சார், அந்தப் பிள்ளை நான்தான். எங்கள் குடும்பத்தில் தமிழ் போய் பல தலைமுறை ஆகிவிட்டது. பெயர் போகவில்லை, கோயில் போகவில்லை, படையல் போகவில்லை. மொழி போனது இழப்பு, நான் மறுக்கவில்லை, இல்லாவிட்டால் இந்த வயதில் ஏன் தமிழ் வகுப்புக்குப் போகிறேன்? ஆனால் என் பாட்டியைத் தோற்றவர் கணக்கில் எழுத மாட்டேன். மலாயில் பந்துன் பாடியே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினவர் அவர்.

---

நேர்கோடு

ஐயா, நீங்கள் சொன்னதை யோசிக்க வேண்டும். உங்கள் கதையை நீங்கள் மேடையில் சொல்வதானால் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

---

செம்பவாங்_செல்வம்

எனக்கு ஒரு சங்கடம். உங்களையெல்லாம் படித்ததும் அம்மா கதையை எழுதலாம் என்று ஆசை வந்தது. அம்மா இருக்கும்போது சில மணி நேரம் பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அடுப்படி, தண்ணீர்க் குழாய்ச் சண்டை, திருவிழா எல்லாம் வாய் ஓயாமல் சொல்வார். பெற்றவர்கள் யார், தேடிப் பார்த்தீர்களா என்று கேட்டதும், "அதை நிறுத்துடா" என்றார். நிறுத்தினேன்.

இப்போது நான் அதை எழுதினால், அந்த இடத்தை என்ன செய்வது? கற்பனையில் நிரப்பினால் அம்மா பேச்சை மீறியது போல ஆகும். விட்டுவிட்டால் வாசகர் முதலில் கேட்பதே அதைத்தான்.

---

கடையநல்லூர்_பேரன்

அண்ணே, "அதை நிறுத்துடா" என்பதை அப்படியே எழுதுங்கள். அதுவும் அவர் சொன்னதுதானே. கேட்கிற வாசகர் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

பதிவு செய்தது எதில் இருக்கிறது? பழைய கேசட் என்றால் சீக்கிரம் மாற்றிவிடுங்கள், நாடா ஒட்டிக்கொள்ளும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து இதே வேலையைச் செய்கிறது. தமிழில் பேசியவர்களின் பேட்டிகளும் அங்கே இருக்கின்றன. கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். கேள்வி கேட்பவர் எங்கே வாயை மூட வேண்டும் என்பது அதில்தான் எனக்குப் புரிந்தது.

---

செம்பவாங்_செல்வம்

கேசட்தான் தம்பி. மகனிடம் சொல்கிறேன்.

---

தெம்பனிஸ்_தேன்மொழி

நிலவரம் சொல்கிறேன். மகள் இழை முழுவதையும் படித்தாள். கண்ணம்மாவின் துப்பறியும் கதையை யார் எழுதப் போகிறார்கள் என்று கேட்டாள் (கண்ணம்மா, உங்களுக்கு ஒரு வாசகி உறுதி). மேடைக்கு வருகிறாள், மூன்று நிபந்தனை. சீனச் சட்டை கிடையாது, பாவாடை தாவணி கிடையாது, பள்ளி விட்டு வந்த டீ-ஷர்ட்டில்தான் வருவாள். மறுப்பு வரிகள் அவளுடையவை, ஒத்திகை வரை எனக்குக் காட்ட மாட்டாள். ஆ மாவாக அவளே நடிப்பாள், ஆனால் மழலைத் தமிழ் ஒரு சொல் கூட வராது, முழுக்கத் தியோச்சூ.

மாமியாரிடம் அனுமதி கேட்டோம். "என்னைச் சொல்வதானால் சாம்பாரில் வெங்காயம் இருந்ததையும் சொல்ல வேண்டும்" என்றார். சொல்கிறோம் என்றோம். அரங்குக்கு வருகிறாராம்.

மேடைப்பித்தன், ஒரு உதவி. தடுப்பு வைத்த ஸ்டீம்போட் சட்டி மேடைக்கு வேண்டும். வீட்டுச் சட்டியை மாமியார் தர மறுக்கிறார், பொருள்களைத் தூக்கிப் போய் ஒழுங்காகத் திருப்பித் தர மாட்டோமாம். யாரிடமாவது இருக்கிறதா?

---

மேடைப்பித்தன்

நாடகக் குழு சாமான் அறையில் ஒன்று கிடக்கிறது. கைப்பிடி ஒரு பக்கம் ஆடும், அடியில் கருகல். முதல் வரிசைக்குத் தெரியாது.

---

நேர்கோடு

முதல் வரிசையில் நான் இருப்பேன்.

---

கண்ணம்மா_லிம்

எங்கள் வீட்டில் புதுசு இருக்கு அக்கா, பெட்டியோடு. சனிக்கிழமை தெம்பனிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கொண்டுவந்து தருகிறேன். ஆனால் கரண்டியில ஸ்டிக்கரை உரிச்சுட்டோம், அது நீங்க பார்த்துக்குங்க.